தாடைக்கு யார் சொல்வது? மூளைத்தண்டும் தாடையின் அனிச்சைச் செயல்களும்

அனிச்சைச் செயல் என்றதும் நம்மில் பலருக்கும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த ஒரே படம்தான் நினைவுக்கு வரும். சூடான பாத்திரத்தைத் தொட்ட கை, கையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் ஒரு கோடு, தண்டுவடத்திலிருந்து கைக்குத் திரும்பும் இன்னொரு கோடு. மூளை மேலே எங்கோ சும்மா கிடக்கும். "அனிச்சைச் செயலில் மூளைக்கு வேலையே இல்லை, எல்லாம் தண்டுவடம் பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சு அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான். உடல்நலம் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இன்றும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

கைக்கு அந்தப் படம் போதும். தாடைக்குப் போதாது. தண்டுவடம் மண்டையோட்டின் அடியிலிருந்து கீழே இறங்குவது. தாடையோ தலையோடு சேர்ந்தது. தாடையின் அனிச்சைச் செயல்கள் அனைத்தும் நடப்பது மூளையின் ஒரு பகுதியான மூளைத்தண்டில். அதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. தாடைத் தசையின் நிலையை உணர்ந்து சொல்லும் நரம்பணுக்கள், உடலின் மற்ற உணர்வு நரம்பணுக்களைப் போல வெளியே இல்லாமல், மூளைத்தண்டுக்குள்ளேயே குடியிருக்கின்றன. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், மருத்துவர் எதற்காக மோவாயில் சுத்தியலால் தட்டுகிறார் என்பதிலிருந்து பல் மருத்துவர் ஏன் ஊசி போட்டபின் சாப்பிடாதே என்கிறார் என்பது வரை பலதும் விளங்கும்.

## முதலில் இடத்தைப் பார்ப்போம்

பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில், ஏறக்குறைய கட்டைவிரல் பருமனில் இருப்பது மூளைத்தண்டு. மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று மூன்று பகுதிகள். மூச்சு, விழுங்குதல், இருமல், மெல்லுதல் என்று நாம் நினைத்துப் பார்க்காமலே நடக்கிற வேலைகளின் கட்டுப்பாடு பெரும்பாலும் இங்கேதான்.

முகத்தையும் மூளைத்தண்டையும் இணைப்பது ட்ரைஜெமினல் நரம்பு. தலையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளில் இது ஐந்தாவது. பான்ஸ் பகுதியில் வந்து சேரும் இதற்கு மூன்று கிளைகள். ஒன்று நெற்றி, கண் பக்கம்; இன்னொன்று கன்னம், மேல்தாடை; மூன்றாவது கீழ்த்தாடை. முகத்தைத் தொட்டால் தெரிவதும் பல் வலிப்பதும் இந்த நரம்பு வழியாகத்தான். மூன்றாவது கிளை மட்டும் உணர்வோடு கட்டளையையும் சுமக்கிறது. மெல்லும் தசைகளுக்கு உத்தரவு போவது அதன் வழியே.

பற்களை இறுகக் கடித்துக்கொண்டு, காதுக்குச் சற்று முன்னால் கன்னத்தில் விரலை வையுங்கள். கெட்டியாகப் புடைக்கிறதே, அது மாஸெட்டர் தசை. நெற்றிப்பொட்டில் புடைப்பது டெம்பொராலிஸ். இந்த இரண்டோடு தாடையின் உள்பக்கம் இருக்கும் இன்னொரு தசையும் சேர்ந்துதான் வாயை மூடுகின்றன. வாயைத் திறக்கும் தசைகள் மோவாய்க்கு அடியிலும் தாடை மூட்டுக்கு அருகிலும் இருக்கின்றன. அவை ஒப்பீட்டில் பலம் குறைந்தவை. மூடும் தசைகளின் பலம் சாதாரணமானதில்லை. வளர்ந்த ஒருவர் கடைவாய்ப் பற்களால் முழு மூச்சாகக் கடித்தால், 50 கிலோ எடைக்கு ஈடான விசை எளிதில் வரும். அவ்வளவு பலமுள்ள ஒன்றைத் தன் பற்களையே உடைத்துக்கொள்ளாமல், நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் வேலை வாங்க வேண்டும். அனிச்சைச் செயல்களின் தேவை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

## வாட்ச்மேன் அறை எங்கே இருக்கிறது?

உணர்வு நரம்பணு என்பது உடலில் நடப்பதை முதன்முதலில் பிடித்து உள்ளே அனுப்பும் நரம்பு செல். அதற்கு நீண்ட இழை ஒன்று உண்டு. இழையின் ஒரு முனை தோலிலோ தசையிலோ இருக்கும், மறுமுனை தண்டுவடத்துக்குள்ளோ மூளைத்தண்டுக்குள்ளோ போய் முடியும். இடையில் ஓரிடத்தில், இழையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் உருண்டையான பகுதிதான் செல் உடல். இழையை உயிரோடு வைத்திருப்பது அதன் பொறுப்பு.

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மதில். மூளையும் தண்டுவடமும் மதிலுக்கு உள்ளே இருப்பவை. வாசல்தோறும் ஒரு வாட்ச்மேன். அவருடைய அறை மதிலுக்கு வெளியே கேட்டை ஒட்டி இருக்கும். அங்கிருந்து ஒரு தொலைபேசிக் கம்பி மட்டும் உள்ளே போகும். உணர்வு நரம்பணுக்களின் ஏற்பாடு இதுதான். கை, கால், உடம்பு ஆகியவற்றின் உணர்வு நரம்பணுக்கள் எல்லாமே தண்டுவடத்துக்குப் பக்கத்தில், ஆனால் வெளியே, சிறு முடிச்சுகளாகக் கூடி இருக்கின்றன. இவற்றுக்கு நரம்பு முடிச்சு என்று பெயர். முகத்துக்கும் அப்படி ஒரு முடிச்சு உண்டு. மண்டையோட்டின் அடித்தளத்தில், ஆனால் மூளைத்தண்டுக்கு வெளியே இருக்கும் ட்ரைஜெமினல் முடிச்சு அது.

இந்த விதியை மீறுகிற ஒரே கூட்டம் தாடையினுடையது. தாடையை மூடும் தசைகளிலிருந்தும் பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் பகுதியிலிருந்தும் வரும் சில இழைகள், ட்ரைஜெமினல் முடிச்சில் நிற்காமல் நேரே உள்ளே போய்விடுகின்றன. அவற்றின் செல் உடல்கள் நடுமூளையிலிருந்து பான்ஸ் வரை மெல்லிய ஒரு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மீசன்செஃபாலிக் நியூக்ளியஸ் என்பது இதன் மருத்துவப் பெயர். இனி நடுமூளைக் கூட்டம் என்றே சொல்கிறேன். இங்கே வாட்ச்மேனின் அறை மதிலுக்கு வெளியே இல்லை, சங்க அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. வளர்ந்த மனித உடலில் தொடுதல், வலி, தசைநிலை போன்றவற்றை உணரும் முதல்நிலை நரம்பணுக்கள் மூளைக்குள்ளேயே இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் செல்களைப் பார்த்தவர்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை. உணர்வு செல் என்றால் வெளியேதான் இருக்கும் என்பது பாடமாக இருந்ததால், இவை தசைக்கு உத்தரவு அனுப்பும் கட்டளை செல்களாக இருக்கலாம் என்ற கருத்தும் வெகுநாள் உலவியது. 1940இல் கார்பின், ஹாரிசன் என்ற இருவர் பூனைகளில் இந்தக் கூட்டத்தின் இழைகளிலிருந்து மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். தாடையைக் கீழே இழுத்தால் துடிப்பு அதிகரித்தது. தசையின் இழுவிசையை உணர்பவை இவை என்பது அதோடு தெளிவானது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தாடையின் அனிச்சைச் செயலுக்கு மையம் மூளைத்தண்டு. முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் சொல்லும் செல்கள் வெளியே உள்ள முடிச்சில் இருக்கின்றன. தாடை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் செல்கள் மட்டும் உள்ளே இருக்கின்றன.

## அவை எதைத்தான் உணர்கின்றன?

முதலில் தசை. தசை நார்களுக்கு நடுவே, அவற்றுக்கு இணையாக, மிகச்சிறிய உறைகளுக்குள் சில மெல்லிய நார்கள் இருக்கும். மருத்துவர்கள் மஸில் ஸ்பிண்டில் என்று சொல்லும் இதைத் தமிழில் தசைக் கதிர் எனலாம். தசை நீண்டால் கதிரும் நீளும். அதன் நடுப்பகுதியில் சுற்றியிருக்கும் உணர்வு இழை உடனே துடிக்கும். எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்ற இரண்டு தகவலும் அந்தத் துடிப்பில் இருக்கும்.

சரி, தசை சுருங்கினால் கதிர் தொய்ந்துபோய் எதையும் சொல்லாமல் இருந்துவிடுமே என்று கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. கதிரின் இரு முனைகளையும் இறுக்குவதற்கென்றே தனியாகச் சிறிய கட்டளை நரம்புகள் உண்டு. தசை சுருங்கும்போது கதிரையும் அவை கூடவே இறுக்கிவிடும். ஆகவே வாய் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் கதிர் விழிப்போடுதான் இருக்கும்.

தாடையை மூடும் தசைகளில் கதிர்கள் ஏராளம். திறக்கும் தசைகளிலோ மிகக் குறைவு, சிலவற்றில் கிடையவே கிடையாது. ஆகவே தாடையின் நிலை பற்றி மூளைத்தண்டுக்கு வரும் செய்தி பெரும்பாலும் மூடும் தசைகளிடமிருந்து வருவதுதான்.

அடுத்தது பல். பல் எலும்பில் நேராக ஊன்றப்பட்டிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவில், கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கடிக்கும்போது பல் அதற்குள் இம்மியளவு அசைகிறது. அந்த அசைவைப் பிடிக்கும் உணர்விகள் படலத்தில் இருக்கின்றன. பற்களுக்கு நடுவே ஒரு தலைமுடி சிக்கினால்கூட நமக்குத் தெரிந்துவிடுவது இவற்றால்தான். இவற்றில் ஒரு பகுதியின் செல் உடல்கள் நடுமூளைக் கூட்டத்தில் இருக்கின்றன, மறுபகுதி வெளியே ட்ரைஜெமினல் முடிச்சில் இருக்கிறது. இந்தப் பிரிவினை ஏன் என்பதற்குள் இப்போது நாம் போக வேண்டாம்.

## மோவாயில் ஒரு தட்டு

தாடையின் அனிச்சைச் செயல்களில் மிக எளியது இது. வாயை லேசாகத் திறந்து, தாடையைத் தளரவிட்டு உட்கார்ந்திருப்பவரின் மோவாயில் மருத்துவர் தன் விரலை வைத்து, அந்த விரல்மேல் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுகிறார். தாடை சட்டென்று மேலே எழும்புகிறது. முழங்காலில் தட்டினால் கால் எழும்புகிறதே, அதற்குத் தாடையில் இருக்கும் சகோதரன் இது. முழங்கால் அனிச்சையை 1875இல் ஜெர்மானிய மருத்துவர்கள் எர்ப், வெஸ்ட்ஃபால் இருவரும் தனித்தனியே விவரித்தார்கள். தாடை அனிச்சை பற்றி டி வாட்வில் எழுதிய குறிப்பு 1886இல் வந்தது.

உள்ளே நடப்பது இதுதான். தட்டியதும் தாடை கொஞ்சம் கீழே இறங்குகிறது. மாஸெட்டரும் டெம்பொராலிஸும் இழுபடுகின்றன. அவற்றின் கதிர்கள் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு இழை வழியே மூளைத்தண்டுக்குள் ஓடுகிறது. நடுமூளைக் கூட்டத்துச் செல்லின் இழையிலிருந்து ஒரு கிளை பான்ஸில் இருக்கும் தாடைத் தசைகளின் கட்டளை செல்களுக்கு நேராகப் போகிறது. கட்டளை செல் தூண்டப்பட்டதும் தசை சுருங்கி, வாய் மூடுகிறது.

மொத்தத்தில் இரண்டே செல்கள்: உணரும் செல் ஒன்று, உத்தரவிடும் செல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சந்திப்பு. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி மாற்றிக்கொள்ளும் இந்தச் சந்திப்பை சினாப்ஸ் என்பார்கள். நடுமூளைக் கூட்டத்திலிருந்து கட்டளை செல்களுக்கு இப்படி நேரடியாக ஒரு தொடர்பு இருப்பதை ஹங்கேரிய உடற்கூறு அறிஞர் சென்டாகோதாய் 1948இல் காட்டினார்.

இடையில் யாரும் இல்லாததாலும் தூரம் குறைவாக இருப்பதாலும் வேகம் அபாரம். தட்டியதிலிருந்து மாஸெட்டரில் மின்துடிப்பு தோன்றுவதற்கு ஆகும் நேரம் சுமார் 6 முதல் 9 மில்லிசெகண்ட். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிசெகண்ட். முழங்கால் அனிச்சைக்கு 20 மில்லிசெகண்ட் அளவு ஆகிறது. கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் சொல்வது 100 மில்லிசெகண்டுக்கும் மேல், ஆகவே இந்த இடத்தில் அந்தச் சொல் ரொம்ப மெதுவானது.

இதில் இன்னொரு தவறான எண்ணத்தையும் தெளிவாக்கிவிடலாம். செல் உடல் உள்ளே இருக்கிறது என்றால், செய்தி முதலில் அங்கே போய், பரிசீலனை முடிந்து, அப்புறம் கிளம்புகிறது என்று தோன்றும். அப்படியில்லை. செல் உடல் இழையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது. வெளியிலிருந்து வரும் துடிப்பு அதற்காகக் காத்திருக்காமல் கிளை வழியே கட்டளை செல்லுக்குப் போய்விடும்.

## இதனால் என்ன பயன்?

யாரும் நம் மோவாயில் தினமும் சுத்தியலோடு தட்டப்போவதில்லை. அப்படியென்றால் இந்த ஏற்பாடு எதற்கு?

சும்மா இருக்கும்போது மேல்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். உதடு மூடியிருக்கும், பற்கள் தொடாது. நடக்கும்போதும் ஓடும்போதும் ஒவ்வொரு அடிக்கும் தலை மேலும் கீழும் அதிர்கிறது. தாடை தொங்கும் எலும்புதானே, அது பாட்டுக்கு ஆடிப் பற்கள் கடகடவென்று மோதியிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. தாடை கீழே சரியத் தொடங்கும்போதே கதிர்கள் துடித்து, மூடும் தசைகள் அதை மெல்லப் பிடித்துக்கொள்கின்றன. படிக்கட்டில் குதித்து இறங்கும் குழந்தைக்கும் இந்தப் பிடிமானம் உதவுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் இதற்கு வேலை இருக்கிறது. கொட்டைப்பாக்கை, இல்லையென்றால் கெட்டியாகிப்போன சீடையை, கடைவாயில் வைத்து அழுத்துகிறீர்கள். தசைகள் முழு பலத்தோடு சுருங்கியிருக்கின்றன. திடீரென்று அது உடைகிறது. எதிர்ப்பு இல்லாமல் போனதும், அத்தனை பலத்தோடும் கீழ்ப்பற்கள் மேல்பற்களை மோதியிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் மோதுவதில்லை, மோதினாலும் லேசாகத்தான். உடைந்த கணத்தில், கதிரை இறுக்கும் நரம்புகள் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் தசை சட்டென்று குறுகுவதால் கதிர்கள் தளர்ந்து துடிப்பு நின்றுபோகிறது. அங்கிருந்து கட்டளை செல்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஊக்கம் அறுபடுகிறது. தசை தளர்ந்துவிடுகிறது. பற்கள் தப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேகமாகக் குறுகும் தசையால் அதிக விசை தர முடியாது என்ற இயற்பியல் காரணமும் கூடவே உதவுகிறது.

ஆக, இழுபட்டால் இறுகு, தளர்ந்தால் விடு. நடுமூளைக் கூட்டத்தின் அனிச்சை வேலை சுருக்கமாக இவ்வளவுதான்.

## சோற்றில் கல் கடிபட்டால்

தாடை அனிச்சை என்றால் இதைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் இது வேறு கதை, வழியும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

மென்றுகொண்டிருக்கும்போது கல் அகப்படுகிறது. பல்லிலும் ஈறிலும் திடீரென்று கூர்மையான அழுத்தம், சில நேரம் வலி. இந்தச் செய்தியைச் சுமப்பவை பெரும்பாலும் வெளியே ட்ரைஜெமினல் முடிச்சில் செல் உடல் உள்ள இழைகள். மூளைத்தண்டுக்குள் வந்ததும் அவை கட்டளை செல்களோடு நேராகப் பேசுவதில்லை. நடுவில் இடைநிலை நரம்பணு என்ற தரகர் ஒருவர் வருகிறார். அவர் தூண்டுவதற்குப் பதில் அடக்குகிறார். மூடும் தசைகளின் கட்டளை செல்களை வாயடைக்கச் செய்கிறார்.

மாஸெட்டரின் மின்துடிப்பைப் பதிவு செய்தபடி உதட்டருகே சிறிய மின்தூண்டல் கொடுத்தால் இதைத் திரையிலேயே பார்க்கலாம். இறுகக் கடித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் தசையில் துடிப்பு ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிசெகண்டில் அப்படியே நின்றுபோகும். சற்றே திரும்பி வரும். 40, 50 மில்லிசெகண்டில் மறுபடி ஒரு மௌனம். கடித்துக்கொண்டே இரு என்று மூளை சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். கல் கடிபட்டது என்று நாம் உணர்வதற்கு முன்பே தாடை நின்றுவிட்டிருக்கும்.

1917இல் ஷெரிங்டன், பெருமூளையின் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனைகளில் பல்லையோ ஈறையோ தூண்டினால் வாய் திறந்துகொள்வதை விவரித்தார். நரம்பணுக்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பூனையில் திறக்கும் தசைகளும் தீவிரமாக இயங்கும். மனிதரில் முதன்மையாக நடப்பது மூடும் தசைகள் ஓய்ந்துபோவதுதான்.

அடக்கும் இந்தத் தரகர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய உதாரணம் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். புண்ணில் நுழைந்த கிருமியின் நச்சு, கட்டளை நரம்புகள் வழியாக உள்ளே ஏறி, அடக்கும் நரம்பணுக்கள் தங்கள் வேதிப்பொருளை வெளியிடவிடாமல் தடுத்துவிடுகிறது. தசைகளை இறுகச் சொல்லும் குரல் மட்டும் மிஞ்சுகிறது. தாடை நரம்பின் நீளம் குறைவு என்பதால் நச்சு அங்கே சீக்கிரம் போய்ச் சேர்கிறது. மூடும் தசைகள் திறக்கும் தசைகளைவிடப் பல மடங்கு பலமானவை. ஆகவே முதலில் வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொள்கிறது. தடுப்பூசி ஏன் முக்கியம் என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்: மோவாய்த் தட்டில் உணரும் செல் உள்ளே, சினாப்ஸ் ஒன்று, விளைவு இறுகுதல். கல் கடிபடும்போது உணரும் செல்கள் பெரும்பாலும் வெளியே, நடுவில் தரகர், விளைவு ஓய்தல்.

## மெல்லும்போது இவை ஏன் குறுக்கே வருவதில்லை?

யோசித்துப் பார்த்தால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மெல்வதற்கு வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் மூடும் தசைகள் இழுபடும். இழுபட்டால் இறுகு என்பது விதி. அப்படியானால் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் அனிச்சை குறுக்கே வந்து மூடிவிடாதா?

இதற்குப் பதில் தெரிய, மெல்லுதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மெல்லலுக்கும் பெருமூளை தனித்தனியே உத்தரவு போடுவதில்லை. மூளைத்தண்டில் பான்ஸுக்கும் முகுளத்துக்கும் இடையே, திற, மூடு, திற, மூடு என்று தானே தாளம் போடும் நரம்பணுப் பின்னல் ஒன்று இருக்கிறது. 1971இல் டெலோ, லுண்ட் இருவரும் முயல்களில் இதைக் காட்டினார்கள். மருந்தால் தசைகள் முழுவதும் செயலிழந்து, தாடை அசையவே இல்லாத நிலையிலும், நரம்புகளில் மெல்லும் தாளம் வந்துகொண்டிருந்தது. தசையிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே தாளம் பிறக்கிறது என்பதற்கு அது ஆதாரம்.

இந்தப் பின்னல் வாய் திறக்கும் கட்டத்தில் மூடும் தசைகளின் கட்டளை செல்களை அடக்கி வைக்கிறது. கதிர்கள் துடிக்கின்றன, நடுமூளைக் கூட்டமும் செய்தி அனுப்புகிறது, ஆனால் கேட்கும் காது அப்போது மூடியிருக்கிறது. மூடும் கட்டம் வந்ததும் காது திறக்கிறது. அப்போது உணவு கெட்டியாக இருந்து தாடை தடைபட்டால், கதிர்களும் பல் உணர்விகளும் தரும் செய்தி கட்டளை செல்களை இன்னும் ஊக்குகிறது. இட்லிக்கும் முறுக்குக்கும் நாம் வேறுவேறு விசை கொடுப்பது இதனால்தான். விலங்குகளில் நடுமூளைக் கூட்டத்தைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, கெட்டியான பொருள் வந்தால் விசை கூடும் இந்தத் திறன் குறைந்துபோனது, தாளமோ தொடர்ந்தது.

ஈறிலும் பல்லிலும் லேசாகப் படுவது எல்லாம் வாயைத் திறக்க வைத்தால் சாப்பிடவே முடியாது. மெல்லும்போது அந்த மெல்லிய தொடுதல்களுக்கான அனிச்சையும் தணிக்கப்படுகிறது. வலி தரும் தூண்டலுக்கு மட்டும், அதுவும் குறிப்பாக வாய் மூடும் கட்டத்தில், கதவு திறந்தே இருக்கிறது. அனிச்சை என்றால் எப்போதும் ஒரே மாதிரி நடக்கும் இயந்திரம் என்ற எண்ணம் தாடையிடம் செல்லாது.

## உள்ளே இருப்பதால் வரும் மாற்றங்கள்

மறுபடி வாட்ச்மேனிடம் வருவோம். அறை அலுவலகத்துக்குள் இருந்தால் என்னென்ன மாறும்?

அலுவலகத்தில் பேசுவது அவர் காதில் விழும். வெளியே முடிச்சுகளில் இருக்கும் உணர்வு செல்களின் உடல்மேல் வேறு நரம்பணுக்கள் சினாப்ஸ் அமைப்பதில்லை என்றே சொல்லலாம். நடுமூளைக் கூட்டத்துச் செல்களின் உடல்மேல் மூளையின் பிற பகுதிகளிலிருந்து வரும் சினாப்ஸ்கள் இருக்கின்றன. விழிப்பு, மனநிலை ஆகியவற்றோடு தொடர்புடைய செரோட்டோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் அவற்றின் வழியே வருகின்றன. ஆகவே இந்தச் செல்களை வெறும் செய்தி கடத்தும் கம்பி என்று சொல்லிவிட முடியாது.

பக்கத்து வாட்ச்மேனோடும் பேசலாம். எலிகளில் இந்தச் செல்கள் பலவும் பக்கத்துச் செல்லோடு நேரடி மின் இணைப்பு வைத்திருக்கின்றன. ஒன்று துடித்தால் அடுத்ததும் துடிக்க முனையும்.

மூன்றாவதுதான் மருத்துவத்தில் அழகாகத் தெரிவது. தெருவில் வெள்ளம் வந்தால் வெளியே இருக்கும் அறைதான் முதலில் மூழ்கும். மூளையின் ரத்தக் குழாய்களைச் சுற்றி, ரத்தத்தில் உள்ள பலவற்றையும் உள்ளே விடாத தடுப்பு ஒன்று இருக்கிறது. நரம்பு முடிச்சுகளுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. ஷோக்ரன் நோய் போன்ற சில நோய்களில் உடலின் எதிர்ப்புச் சக்தியே இந்த முடிச்சுகளைத் தாக்குகிறது. கை கால் மரத்துப்போகும். முழங்கால் அனிச்சை காணாமல் போகும். முகம் மரத்துப்போய், கண் சிமிட்டும் அனிச்சையும் கெடலாம். அப்போதும் தாடை அனிச்சை பல நோயாளிகளிடம் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அதன் செல்கள் உள்ளே இருக்கின்றன. நோய் முடிச்சைத் தாக்குகிறதா, நரம்பு இழைகளைத் தாக்குகிறதா என்று பிரித்தறிய மருத்துவர்களுக்கு இது ஒரு துப்பு.

## மருத்துவர் தட்டிப் பார்ப்பது எதற்கு?

ஆரோக்கியமான பலரிடம் மோவாய்த் தட்டுக்குப் பதில் மிக லேசாக இருக்கும், சிலரிடம் தெரியவே தெரியாது. அது நோயில்லை. கவனிக்க வேண்டியது அது அதிகமாகத் துள்ளும்போதுதான்.

பெருமூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதைகள் அனிச்சைகளை ஓரளவு தணித்தே வைத்திருக்கின்றன. அந்தப் பாதை எங்கே அடிபடுகிறதோ, அதற்குக் கீழே உள்ள அனிச்சைகள் கட்டு மீறித் துள்ளும். ஒருவருக்குக் கை, கால் அனிச்சைகள் எல்லாம் துள்ளுகின்றன, ஆனால் தாடை சாதாரணமாக இருக்கிறது என்றால், கோளாறு பான்ஸுக்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுவது இதற்குப் பொதுவான காரணம். தாடையும் சேர்ந்து துள்ளினால், பான்ஸுக்கு மேலே இருபக்கமும் தேட வேண்டும். தசைகளுக்கு உத்தரவிடும் நரம்பணுக்கள் மெல்ல அழியும் இயக்க நரம்பணு நோயிலும் இப்படி வரலாம். எம்ஆர்ஐ எடுக்கும் முன்பே, ரப்பர் சுத்தியல் ஒன்றால் எந்த மாடியில் கோளாறு என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. பதற்றமாக இருப்பவருக்கும் கொஞ்சம் துள்ளும் என்பதால், இதை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. வீட்டில் தட்டிப் பார்த்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம்.

## பல் மருத்துவரிடம்

கீழ்த்தாடையில் மரத்துப்போக ஊசி போட்டபின், "மரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடாதீர்கள்" என்று சொல்வார்கள். மருந்து பட்டது பற்களுக்கும் உதட்டுக்கும் போகும் நரம்பில்; பெரும்பாலும் நாக்கு நரம்பிலும் படும். மாஸெட்டரின் நரம்பு அதற்கு மேலேயே பிரிந்து போய்விடுகிறது. ஆகவே கதிர்கள் வேலை செய்கின்றன, தாளமும் இருக்கிறது, தாடை வழக்கம்போல மெல்லும். உதடோ நாக்கோ பல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டது என்று சொல்லி நிறுத்த வேண்டிய இழைகள் மட்டும் வாய்மூடி இருக்கின்றன. ஊசி போட்ட குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது அதனால்தான்.

பல் போய் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களின் நிலை இன்னும் சுவாரசியமானது. இம்ப்ளான்ட் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. நார்ப்படலம் கிடையாது, அதிலிருந்த உணர்விகளும் கிடையாது. தசைக் கதிர்கள் இருப்பதால் அவர்களால் நன்றாகவே மெல்ல முடிகிறது. வித்தியாசம் சின்ன விசைகளில்தான் தெரியும். ஸ்வீடனில் நடந்த ஆய்வுகளில், நிலக்கடலையின் பாதிப் பருப்பை முன்பற்களுக்கு நடுவே உடைக்காமல் சற்று நேரம் பிடித்திருந்து, பிறகு கடித்து உடைக்கச் சொன்னார்கள். சொந்தப் பல் உள்ளவர்கள் 1 நியூட்டனுக்கும் குறைந்த விசையோடு, அதாவது சுமார் 100 கிராம் எடைகூட இல்லாத அழுத்தத்தோடு, அதை நிதானமாகப் பிடித்திருந்தார்கள். பல்லுணர்வு இல்லாதவர்களின் பிடி அதைவிட அழுத்தமாகவும் ஒரு சீராக இல்லாமலும் இருந்தது. சொந்தப் பல் உள்ளவர்களுக்கே மரப்பு ஊசி போட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான் ஆனது. கடலையை உடைக்கும் விசை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். உடைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குத்தான் பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் அந்தப் படலம் தேவைப்படுகிறது.